ராலிகிராஸ்ல இருந்து ராலி ஸ்பிரிண்டுக்குப் போகணும், எங்க ஆரம்பிக்கிறது?

புழுதிப்பாண்டி

எல்லாருக்கும் வணக்கம். இருக்குறது ஒஹையோ, ஊரு திருமங்கலம். சில சீசனா இங்க எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) ராலிகிராஸ் ஓட்டிக்கிட்டு இருக்கேன். கார் 2004 இம்ப்ரெஸா 2.5 ஆர்எஸ், டர்போ கிடையாது. அடியில கல்லடி தாங்குற ஸ்கிட் பிளேட், மட் ஃப்ளாப், பனி டயர். மாத்தினது அவ்வளவுதான். திங்கக்கிழமை அதே கார்லதான் ஆபீஸும் போறேன்.

டிவியில வர்ற ராலிகிராஸை நெனச்சுக்காதீங்க. அஞ்சாறு கார் ஒண்ணாக் கிளம்பி கதவோட கதவு உரசிக்கிட்டுப் போறது வேற ஆட்டம். எங்களது ஒரு புல் மைதானம், கோன் நட்ட பாதை, ஒரு நேரத்துல ஒரு கார். கோனைத் தட்டினா 2 செகண்ட், ரெண்டு கோனுக்கு நடுவுல இருக்குற கேட்டை விட்டா 10 செகண்ட் கூடும். அன்னைக்கு ஓடின எல்லா ஓட்டத்தையும் கூட்டித்தான் ரிசல்ட்டு. அதனால ஒரே ஒரு ஓட்டத்துல பேயாட்டம் ஆடி ஜெயிச்சிட முடியாது.

நல்லாத்தான் போகுது. ஆனா நாள் முழுக்க ரெண்டாவது கியர். எப்பவாச்சும் மூணாவது தட்டினா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள அடுத்த கோன் வந்துருது. ராலி ஸ்பிரிண்ட்னா பூட்டின காட்டு ரோடு, ரெண்டு மூணு மைல், அதே பாதையில பல ஓட்டம். பார்த்த நாள்ல இருந்து மனசு அங்கதான் இருக்கு.

மூணு கேள்வி. இருக்குற கார்லயே ரோல் கேஜ் (கார் உருண்டா நசுங்காம இருக்க உள்ள வெக்குற குழாய்க் கூண்டு) அடிச்சிடலாமா? பக்கத்துல உக்காந்து வழி வாசிக்கிற கோ-டிரைவர் அவசியமா? ஓட்டுற விதத்துல எவ்வளவு மாத்தணும்?

---

கேஜ்குமரேசன்

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா அதுதான் என் பொழப்பு.

அடிக்காதீங்க.

ஆபீஸ் போற கார்ல முழு கேஜ் வெக்கக் கூடாது. ஹெல்மெட் போட்டு, அஞ்சு இல்ல ஆறு பாயின்ட் பெல்ட்ல இறுக்கிக் கட்டி, தலையை அசைய விடாத சீட்ல உக்காந்தா அந்தக் குழாய் உங்களைக் காப்பாத்தும். வெறுந்தலையோட, சாதா பெல்ட்டோட சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி எவனாவது இடிச்சா, காதுப் பக்கத்துல இருக்குற அதே குழாய்தான் மண்டையை உடைக்கும். மேல பேடிங் சுத்தியிருந்தாலும் அது ஹெல்மெட்டுக்குன்னு செஞ்ச கெட்டி ஃபோம், தலையணை இல்ல. போதாததுக்கு பக்கவாட்டு ஏர்பேக்கைக் கழட்டாம கேஜை ஒழுங்கா உள்ள வெக்கவும் முடியாது. குடும்பத்தோட கடைக்குப் போற காரா இருந்தா இதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம்.

ரெண்டாவது விஷயம் துரு. ஒஹையோல குளிர்காலம் பூரா ரோட்ல உப்பு. 2004 சுபாருவோட பின் ஸ்ட்ரட் டவரையும் கதவுக்குக் கீழ ராக்கரையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. கேஜ் நிக்கிறது பாடி மேலதான். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி மெயின் ஹூப், அதாவது சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற முக்கிய வளைவு, குறுக்களவு × தடிப்பு 45 × 2.5 மில்லியோ 50 × 2.0 மில்லியோ, சூடாக்காம இழுத்துச் செஞ்ச (கோல்டு டிரான்) தையலில்லாக் குழாய். ஒவ்வொரு காலுக்கும் அடியில குறைஞ்சது 3 மில்லி தடிப்பு, 120 சதுர சென்டிமீட்டர் பிளேட். அந்த பிளேட்டைத் துருப்புடிச்ச தகடு மேல வெல்ட் பண்ணினா, கார் உருளும்போது கேஜ் அப்படியே இருக்கும், தரை கிழிஞ்சு வந்துரும்.

செலவு: ஒழுங்கா அடிச்சா ஐயாயிரம் டாலருக்குக் கீழ நான் பார்த்ததில்ல. சீட்டு, பெல்ட்டு, தீயணைப்பு, இன்டர்காம் எல்லாம் தனி. அந்த மொத்தக் காசுக்கு லாக்புக்கோட (சோதனை, விபத்து எல்லாம் பதியுற ஏடு) ஓடின பழைய ராலி காரே வாங்கிடலாம், ஏன்னா விக்கிறவனுக்கு அவன் போட்ட காசுல பாதி கூடத் திரும்பாது. அவன் நஷ்டம் உங்க லாபம்.

---

சும்மாபாக்கவந்தேன்

என் ஹூண்டாய் எலான்ட்ரால ராலிகிராஸ் போலாமா? ஆட்டோமேட்டிக்.

---

புழுதிப்பாண்டி

தாராளமா. ஸ்டாக் ஃப்ரன்ட் கிளாஸ், அதாவது பெருசா மாத்தாத முன்சக்கர டிரைவ் கார். பின்பக்கம் பிள்ளை சீட் கட்டியிருந்தா அதை மட்டும் கழட்டி வெச்சுட்டு வாங்க, காருக்குள்ள தளர்வா ஒண்ணும் இருக்கக் கூடாது. மேட், தண்ணி பாட்டில், சார்ஜர் எல்லாம் வெளிய. ஹெல்மெட் இல்லன்னா பெரும்பாலான இடத்துல இரவல் தருவாங்க.

குமரேசண்ணே, பதில் கொஞ்சம் வலிக்குது, ஆனா நன்றி. அந்தக் கார் மேல ஒரு பாசம். ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாக்க மனசு வரல.

---

நோட்ஸ்அக்கா

தம்பி, நான் ஸ்கார்பரோவில இருக்கிறன். கனகாலமா கோ-டிரைவர். ஸ்டியரிங் பக்கம் அனேகமாப் போறதில்லை, அதால ஆர் எப்பிடி ஓட்டினம் எண்டு வடிவாப் பாக்க நேரம் இருக்கு.

மூண்டாவது கேள்விதான் முதல் கேள்வியா இருந்திருக்க வேணும்.

நீங்கள் ராலிகிராஸில ஒரு 65 கிலோமீட்டர் வேகத்தில போறீங்கள் எண்டு வையுங்கோ. ஸ்பிரிண்டில நேர்ப் பாதையில 130 சாதாரணமா வரும். சல்லி ரோட்டில பிடிமானம் தார் ரோட்டின்ர பாதி அளவு எண்டு எடுத்தால், 65 இல நிக்கிறதுக்கு 33 மீட்டர் காணும். 130 இல 130 மீட்டருக்கு மேல வேணும். வேகம் இரட்டிச்சால் நிக்கிற தூரம் நாலு மடங்கு. இதைக் கணக்காத் தெரியாத ஆள் இல்லை. ஆனால் கால் அதை நம்பிறதுக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும். மைதானத்தில பழகின கால் 65 இன்ர இடத்திலதான் பிரேக்கைத் தேடும்.

மற்றது, உங்கட மைதானத்தில எல்லா மண்ணும் ஒரே மண். காட்டு ரோடு அப்பிடி இல்லை. நடு உயர்ந்து ரெண்டு கரையும் சரிஞ்சிருக்கும். வளைவில சரிவு உள்பக்கமா இருந்தால் உங்களைப் பிடிச்சுத் தரும், வெளிப்பக்கமா இருந்தால் தள்ளி விடும். மேட்டின்ர உச்சியில காருக்குப் பாரம் குறையும், அந்த நேரம் ஸ்டியரிங்கும் கேக்காது, பிரேக்கும் கேக்காது. அந்த உச்சிக்கு அங்கால வளைவு இருந்தால், திருப்பிற வேலையை ஏறும்போதே முடிச்சிருக்க வேணும். இதை ராலிகிராஸ் கற்றுத் தராது. தர ஏலாது, ஏனெண்டால் மைதானத்தில மேடே இல்லை.

பிறகு மரம். கோன் விழும், மரம் விழாது.

---

மூணாம்கியர்

எல்லாரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்துறீங்க.

எங்க வட்டாரத்துல நல்லா ஓட்டுற ஸ்டேஜ் (பூட்டின ரோட்ல நேரம் பாத்து ஓடுறது) ஆளுங்க நிறையப் பேர் ராலிகிராஸ்ல இருந்து வந்தவங்கதான். கார் வழுக்கும்போது பதறாம இருக்குறது, எடையை முன்னாடி தள்ளிப் பின்னாடியைச் சுத்த விடுறது, இடது கால்ல பிரேக், குழி விழுந்த பாதையில அடுத்த ஓட்டத்துக்கு லைனை மாத்துறது, இதெல்லாம் அங்கதான கத்துக்கிட்டாங்க? மலிவா வேற கத்துக்கலாம். எங்க பக்கம் ஒரு நாள் என்ட்ரி ஃபீஸ் நூறு டாலர் கூட வராது.

அதோட ஸ்பிரிண்ட்ல அதே பாதையைத் திரும்பத் திரும்பத்தான ஓடுறோம்? ரெண்டு ஓட்டத்துல மனப்பாடம் ஆயிடும். வளைவு வளைவா எழுதி வெச்சு வாசிக்கிற பேஸ் நோட்ஸ் எல்லாம் நூறு மைல் ராலிக்கு. பாண்டி, கார் வாங்கு, ஹெல்மெட் போடு, போ.

---

நோட்ஸ்அக்கா

> ரெண்டு ஓட்டத்துல மனப்பாடம் ஆயிடும்

அதுதான் ஆபத்து.

முதல் ஓட்டத்தில எல்லாரும் பயந்து போவினம், ஒண்டும் நடக்காது. ரெண்டாவதில கொஞ்சம் தைரியம் வரும். மூண்டாவதில "எனக்குத் தெரியும் இந்த ரோடு" எண்டு போவினம். ஆனால் ரோடு அதே ரோடு இல்லை. முன்னால போன கார் ஒவ்வொண்டும் வளைவின்ர உள்பக்கத்தை வெட்டி, மண்ணுக்குள்ள கிடந்த கல்லை இழுத்து லைனில போட்டிருக்கும். பிரேக் பிடிக்கிற இடத்தில பள்ளம் விழுந்திருக்கும். நாள் ஏற ஏற வெயில் திரும்பி மரநிழல் குறுக்க விழும், பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. காத்தில்லாட்டில் முன்னால போனவன்ர புழுதியே அங்கதான் நிக்கும். வேகம் கூடக் கூட ரோடு மோசமாகுது, மனப்பாடமோ காலமையில பாத்த ரோட்டைத்தான் வச்சிருக்குது.

நோட்ஸ் இருந்தால் இதை எழுதலாம். ஒரு ஓட்டம் முடிய, "நாலு வலம், வெட்டாத, உள்ள கல்" எண்டு பென்சிலால சேர்ப்பன். அமெரிக்காவில பல ராலிகளுக்கு ஜெம்பா முறையில எழுதின நோட்ஸ் குடுப்பினம், 1 எண்டால் இறுக்கமான வளைவு, 6 எண்டால் கிட்டத்தட்ட நேர். ஸ்பிரிண்டில கோ-டிரைவர் கட்டாயமோ இல்லையோ எண்டது போட்டிக்குப் போட்டி மாறும், அந்தந்தப் போட்டியின்ர விதிப் புத்தகத்தைப் பாருங்கோ. கட்டாயம் இல்லாட்டிலும் ஒராளை ஏத்துங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். என்ர தொழிலுக்காகச் சொல்லேல்லை. (கொஞ்சம் அதுக்காகவும்தான்.)

மூணாம்கியர் சொன்னதில ஒண்டு சரி. எல்லா ஓட்டத்தையும் கூட்டிற அந்த ராலிகிராஸ் விதி இருக்கே, அது தங்கம். ஒரு ஓட்டத்தைப் பாழாக்கினால் நாளே போச்சு எண்டு பழகின ஆள், ஸ்டேஜிலயும் முடிச்சுக்கொண்டு வருவான். ஆட்டோகிராஸில (இங்க அது தார் மைதானக் கோன் ஓட்டம்) இருந்து வாறவைக்கு ஒரேயொரு நல்ல ஓட்டம் காணும் எண்டு பழக்கம். அவையளோட பக்கத்துச் சீட்டில இருக்க எனக்குப் பயம்.

---

கோவைகொண்டைஊசி

நானும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேனுங்க. நமக்குக் கோயமுத்தூருங்க. அமெரிக்கா வெவரம் தெரியாது, ஆனா இந்தத் தாவல் இங்கயும் இருக்குதுங்க. நம்ம பக்கம் ஆட்டோகிராஸ், டர்ட் டிராக்குன்னு ஆரம்பிச்சு, எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸ் எடுத்து ராலிக்குப் போவாங்க. கோயமுத்தூர் ராலி ஸ்டேஜ் எல்லாம் கேத்தனூர்ப் பக்கம் காத்தாடிக் காட்டுக்குள்ள ஓடுமுங்க. கீழ செம்மண்ணு, மேல காத்தாடி. பாக்கவே ஒரு தினுசா இருக்கும்.

நாஞ் சொல்ல வந்தது வேற. கார் வாங்கறதுக்கு முன்னால ஒரு சீசன் ரோட்டுக் காவலுக்கு நிக்கற மார்ஷலா நின்னு பாருங்க தம்பி. காசு வேண்டாம், சோறும் போடுவாங்க. ஒரே வளைவுல நின்னு எல்லாக் காரையும் பாத்தா எவன் எங்க பிரேக் புடிக்கறான், எவன் காரு நேரா நிக்குது, எவன் ஆடறான்னு அப்படியே வெளங்கிரும். வேகமாப் போறவன் சத்தமில்லாமப் போவான். சத்தம் போட்டுட்டுப் புழுதி கெளப்பறவன் பாதி நேரம் பின்னாலதான் இருப்பான்.

அப்புறம் ரோடு பூட்டறது எவ்வளவு பெரிய வேலைங்கறதும் தெரியும். 2019 செப்டம்பர்ல ராஜஸ்தான் பார்மேர் பக்கம் தேசிய ராலி நடக்கும்போது பூட்டின ரோட்டுக்குள்ள ஒரு பைக் வந்திருச்சு. ஒரே குடும்பத்துல மூணு பேரு போயிட்டாங்க. ஓட்டினவர் இந்தியாவுல அனுபவத்துல முதல் வரிசை ஆளு. அந்த வேகத்துல வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு பாத்து நிறுத்த யாராலயும் ஆகாது. டிரைவர் முழு நம்பிக்கையும் வெக்கறது ரோட்டு முக்குல டேப்பைக் கட்டிட்டு நிக்கற மார்ஷல் மேலதானுங்க. மைதானத்துல இந்தப் பேச்சே கெடையாது, நாலு பக்கமும் கண்ணுக்கு முன்னால இருக்குது.

---

புழுதிப்பாண்டி

அண்ணே, அந்தச் செய்தி படிச்சது ஞாபகம் இருக்கு. இந்தக் கோணத்துல யோசிச்சதில்ல.

மார்ஷல் யோசனை பிடிச்சிருக்கு. எனக்குப் பக்கத்துலயே சில்லிகாத்தியில சதர்ன் ஒஹையோ ஃபாரஸ்ட் ராலி நடக்குது, தன்னார்வலர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தா இன்னும் நல்லதுன்னு போட்டிருந்தாங்க. காட்டுக்குள்ள செல்போன் எடுக்காதுல்ல.

ராலி ஸ்கூல் பத்தி யாருக்காவது அனுபவம் இருக்கா?

---

மூணாம்கியர்

நியூ ஹாம்ப்ஷயர் டால்டன்ல டீம் ஓ'நீல், வாஷிங்டன் ஸ்னோகுவால்மில டர்ட்ஃபிஷ். முதல்ல சொன்னதுதான் என் ஓட்டு. அவங்க காரு, அவங்க டயரு, அவங்க மரம். இடது கால் பிரேக்கும் பெண்டுலமும் (வளைவுக்கு முன்னாடி எதிர்ப் பக்கம் ஆட்டித் திருப்புறது) மண்டைக்குள்ள ஏத்தி விட்டுருவாங்க. விலை கசக்கும். ஆனா ஸ்கூல் காரை இடிச்சா சேதத்துக்கு எவ்வளவு வரை நம்ம தலையில விழும்னு கையெழுத்துப் போடும் முன்னாடி படிங்க.

அக்கா சொன்ன மூணாவது ஓட்டம் விஷயத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல. சரிதான்.

ஆனா நான் ஒரு விஷயத்துல மாற மாட்டேன்: முதல் ஸ்டேஜ் கார் மெதுவான காரா இருக்கட்டும். பாண்டி 2.5 ஆர்எஸ் ஓட்டிப் பழகினவர், அதே மாதிரி இன்னொண்ணு தேடட்டும். அமெரிக்க ராலி சங்கத்துல டர்போ இல்லாத நாலு சக்கர டிரைவுக்குன்னே தனி கிளாஸ் இருக்கு, அதுல இந்தக் கார் சகஜம். டபிள்யூஆர்எக்ஸ் (டர்போ இம்ப்ரெஸா) பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. டர்போ காரு பண்ணின தப்பை வேகத்தால மறைச்சுடும், எங்க தப்பு பண்ணினோம்னே தெரியாமப் போயிடும்.

---

கேஜ்குமரேசன்

மூணாம்கியர் சொன்னதுக்கு ஆமாம் போடுறேன். அதுலயும் பாண்டிக்கு ஒரு லாபம்: இப்ப வெச்சிருக்குற காரையே உதிரிபாகக் கிடங்கா வெச்சுக்கலாம். கியர்பாக்ஸ், ஹப், கன்ட்ரோல் ஆர்ம் எல்லாம் பொருந்தும்.

பேச்சு வந்ததால இன்னொண்ணு. ராலிகிராஸ் ஓட்டம் ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்துல முடிஞ்சுரும், அதுக்குள்ள எதுவும் சூடாகாது. ஸ்பிரிண்ட்ல பிரேக் எண்ணெய் கொதிக்கும், ஷாக் அப்சார்பர் சூடேறித் தளரும். பனி டயர் மைதானத்துக்கு அருமையான டயர். காட்டு ரோட்ல மூணாவது மைல்ல அதோட மெத்துனு இருக்குற ரப்பர் கட்டை கட்டையா பிஞ்சு வரும், பக்கச் சுவரைக் கல்லு கிழிச்சுரும். ராலி சல்லி டயர் எடுத்து அழுத்திப் பாருங்க, பக்கச் சுவர் கட்டை மாதிரி இருக்கும். வாங்குற காரோட எத்தனை டயர், எத்தனை ரிம் தர்றாங்கன்னு பேரம் பேசுங்க, பெயின்ட் அடியைப் பத்திப் பேசாதீங்க.

---

சும்மாபாக்கவந்தேன்

ராலிகிராஸ் போயிட்டு வந்தேன். கோனை எல்லாம் தட்டிட்டேன். கடைசி இடம். அடுத்த மாசமும் போறேன்.

---

புழுதிப்பாண்டி

@சும்மாபாக்கவந்தேன் மாட்டிக்கிட்டீங்க, இனி மீள முடியாது 😄

மக்களே, ஒரு நிலவரம். சில்லிகாத்தியில ரேடியோ ஆளு கூட ஒரு முக்குல நின்னேன். கோவை அண்ணே சொன்னது அச்சு அசலா அப்படியே. எங்க வளைவுல சத்தமே இல்லாம வந்த ஒரு பழைய கார், அங்க அலறிக்கிட்டுப் போன புதுக் காரை விட ரிசல்ட்ல மேல இருந்துச்சு.

அங்கயே ஒருத்தர்கிட்டப் பேசினதுல ஒரு கார் கிடைச்சிருக்கு. 2002 இம்ப்ரெஸா, 2.5, லாக்புக் இருக்கு, டேட்டன் பக்கம். கேஜ் வெல்ட் பண்ணினது. சீட் ரெண்டும் எஃப்ஐஏ 8855-1999 தரம், தேதி பழசு. பெல்ட்டும் பழசு. சேர்த்து எட்டு ரிம், அஞ்சு டயர். நேர்ல போய் என்ன என்ன பாக்கணும்?

---

கேஜ்குமரேசன்

லாக்புக்கை முதல்ல கேளுங்க, காரை அப்புறம் பாருங்க. எந்த அமைப்பு குடுத்தது, கடைசியா எப்ப சோதனை ஆச்சு, விபத்துன்னு ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. நீங்க ஓடப் போற ஸ்பிரிண்டை யாரு நடத்துறாங்களோ அவங்க டெக் ஆளுக்கு (காரைச் சோதிக்கிறவர்) கேஜ் போட்டோ அனுப்பி, செல்லுமான்னு எழுத்துல வாங்குங்க. பழைய விதிப்படி அடிச்ச கேஜ் சில இடத்துல செல்லும், சில இடத்துல செல்லாது.

மெயின் ஹூப் காலடி பிளேட்டைச் சுத்தி பெயின்ட் விரிசல் விட்டிருந்தா பாடி அசைஞ்சிருக்குன்னு அர்த்தம். குழாய்ல எங்கயாவது நசுங்கல் இருந்தா பேரத்தை நிறுத்திட்டு வீட்டுக்கு வந்துருங்க. ஸ்கிட் பிளேட்டைக் கழட்டச் சொல்லி கிராஸ் மெம்பரைப் பாருங்க. இன்ஜின் 2.5ன்னா ஹெட் கேஸ்கெட் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க, கேக்காமலே சொல்லுவாங்க, சுபாருக்காரங்க சோகம் அது.

8855-1999 சீட் தயாரிச்ச தேதியில இருந்து 5 வருஷம். பழைய 8853/98 பெல்ட்டும் 5 வருஷம்தான். அதைத் தாண்டினதை எவ்வளவு காலம் ஒத்துக்குவாங்கங்கறது அமைப்பைப் பொறுத்தது. நான் உங்க இடத்துல இருந்தா ரெண்டுக்கும் புதுவிலை போட்டு, கார் விலையில கழிச்சுப் பேசுவேன்.

ஹெல்மெட்: மைதானத்துல எம் முத்திரை பைக் ஹெல்மெட் போதும். ஸ்டேஜுக்கு கார் பந்தயத்துக்கான எஸ்ஏ முத்திரை வேணும், கூடவே கழுத்தைக் காப்பாத்துற ஹான்ஸ். எஸ்ஏ2020 வாங்குங்க, ஹான்ஸ் கிளிப் மாட்ட ஓட்டை போட்டே வரும்.

---

நோட்ஸ்அக்கா

பக்கத்துச் சீட்டையும் பாருங்கோ தம்பி, எல்லாரும் டிரைவர் சீட்டை மட்டும்தான் பாக்கிறது. கோ-டிரைவருக்குக் கால் ஊண்டிற தட்டு இருக்கோ, நோட்ஸ் வாசிக்க லைட் இருக்கோ, ரெண்டு பேருக்கும் கை எட்டிற இடத்தில பெல்ட் வெட்டிற கத்தி ஒவ்வொண்டு இருக்கோ, தீயணைப்புச் சிலிண்டரைப் பெல்ட் கட்டினபடி எடுக்க ஏலுமோ எண்டு இருந்து பாருங்கோ.

முக்கோணப் பலகை மூண்டும், ஓகே எண்டு ஒரு பக்கமும் சிவப்புச் சிலுவை மறுபக்கமும் போட்ட அட்டையும் காரோட வருதோ எண்டு கேளுங்கோ. மைதானத்தில கார் கவிண்டால் எல்லாரும் ஓடி வருவினம். காட்டுக்குள்ள உங்களுக்கு அடுத்துக் கிளம்பின கார்தான் முதல் வாறது. இறங்கின உடன பின்பக்கமா ஓடிப் பலகையை வைக்க வேணும், அட்டையைக் காட்ட வேணும். சிவப்புச் சிலுவை தெரிஞ்சால் வாற கார் நிக்கத்தான் வேணும், எவ்வளவு முன்னணியில இருந்தாலும். இதை வீட்டு முத்தத்தில ரெண்டு பேருமாப் பழகுங்கோ. பெல்ட்டைக் கழட்டி, கதவைத் திறந்து, பலகையைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் போகுது எண்டு பாத்தால் திகைச்சுப் போவீங்கள்.

கோ-டிரைவர் ஆர்?

---

புழுதிப்பாண்டி

அக்கா, அதுதான் வேடிக்கை. வீட்ல சொன்னேன், திட்டு விழும்னு பாத்தா, "நான் வாசிக்கிறேன், நீ வேகமாப் போறியா இல்லையான்னு அங்க உக்காந்தே பாத்துக்குறேன்"ங்கறா. ரோட்டுப் பயணத்துல மேப் பாத்து வழி சொல்றப்பவே எங்களுக்குள்ள சண்டை வரும்.

---

நோட்ஸ்அக்கா

ஓடிக்கொண்டிருக்கிற காரில வாசிச்சால் அவவுக்குத் தலை சுத்துமோ எண்டு முதல் பாருங்கோ. சண்டை பறவாயில்லை, சத்தி வந்தால்தான் சிக்கல். சல்லி ரோடு ஒண்டில, சட்டப்படியான வேகத்தில நீங்கள் ஓட்ட, அவ வளைவுகளை எழுதட்டும். பிறகு திரும்பி வந்து அதை வாசிக்கட்டும். ரெண்டு பேரில ஆருக்கு 4 எண்டால் என்ன எண்டதில ஒத்து வரேல்லையோ அங்கயே தெரிஞ்சிடும்.

---

புழுதிப்பாண்டி

செய்றோம். சனிக்கிழமை டேட்டன் போறோம். யாராவது அந்தப் பக்கம் டிரெய்லர் வெச்சிருந்தா சொல்லுங்க, வாடகைக்கு எடுக்குறதா இருந்தா முன்னாடியே பதியணும்.

---

சும்மாபாக்கவந்தேன்

நான் டேட்டன்தான். மச்சான்கிட்ட டிரெய்லர் இருக்கு, ஹிட்ச்சுக்கு 2 இன்ச் பால் வேணும். தனிச்செய்தில நம்பர் அனுப்புறேன். அந்தக் காரை நானும் வந்து பாக்கலாமா?